மாரிக்குள் மிளகாய் நாற்று: ரியூப் லைற்றுக்குக் கீழே வளர்க்கும் முழு விபரம்

"என்ன தம்பி, வெயிலையும் இனிக் காசுக்கு வாங்கப் போறியோ?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். அறைக்குள் இரும்பு ராக்கை, அதில் மூன்று ரியூப் லைற், கீழே இரண்டு தட்டு மிளகாய் நாற்று. யாழ்ப்பாணத்தில் இதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்தான். போர்க்காலத்தில் கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்து எழும்பிய தலைமுறை, மிளகாய்க் கன்றுக்குப் பதினாறு மணித்தியாலம் கரண்ட் எரிக்கிறவனை வேறு எப்படிப் பார்க்கும்?

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வெளியே நாற்றுமேடை போட்டவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு வருடம் முழுக்க விழும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும்தான் கொட்டித் தீர்க்கிறது. ஒரு இரவு அடித்த மழையில் விதை மேலே மிதக்கும், முளைத்தது அடியழுகிச் சரியும், தப்பியதற்கு நாலு நாள் வெயிலே இராது. மழையிலிருந்து காப்பாற்ற விறாந்தைக்குள் தூக்கி வைத்தால் வெளிச்சம் போதாமல் நூல் மாதிரி நீண்டு விழும். இதோடு வெண்ஈ, இலைப்பேன், சிற்றுண்ணி என்று இலைச்சுருளைக் கொண்டுவரும் கூட்டம் வேறு. சின்ன வயதில் சுருள் பிடித்த கன்று பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் தேறாது. முதல் ஐந்து கிழமையை வீட்டுக்குள், மழையும் பூச்சியும் எட்டாத இடத்தில் கடத்திவிட்டால் பாதி வெற்றி. லைற் அதற்காகத்தான். குளிர் நாடுகளில் செய்வதுபோல நாங்கள் சூட்டுக்காக இதைச் செய்யவில்லை. அவர்கள் வாங்கும் சூடாக்கும் பாயெல்லாம் எங்களுக்குத் தேவையே இல்லை.

யாருக்குச் சரிவரும்

நான்கு அடி நீளமான ஒரு ராக்கைத் தட்டில் வழமையான நாற்றுத்தட்டு இரண்டு வைக்கலாம். ஏறக்குறைய 200 கன்று. 60 சென்ரிமீற்றருக்கு 45 சென்ரிமீற்றர் இடைவெளியில் குழிக்கு ஒன்றாக நட்டால் இது ஒரு பரப்புக் காணியில் (பத்துப் பேர்ச்) ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் காணும். வளவுக்குள் இருபது முப்பது கன்று, கொஞ்சம் பைகளில், மிச்சம் சொந்தக்காரருக்கு என்று வைப்பவருக்கு இது தாராளம். நாலு பரப்பு மிளகாய் போடுகிறவர் இதை யோசிக்கவே வேண்டாம், பூச்சி வலையும் பொலித்தீன் கூரையும் போட்ட நாற்றுமேடைதான் அவருக்கு லாபம்.

எப்போது விதைப்பது

நான் பின்பற்றுவது மிகவும் லேசான கணக்கு. கார்த்திகை விளக்கீட்டை ஒட்டி விதை போடுவது, தைப்பொங்கல் கழிய நிலத்தில் வைப்பது. இடையில் ஆறேழு கிழமை கிடைக்கும். முளைக்க ஒரு கிழமை, லைற்றின் கீழ் நாலைந்து கிழமை, வெயிலுக்குப் பழக்க எட்டு பத்து நாள். பொங்கலுக்குள் பெருமழை ஓய்ந்து நிலத்தில் ஈரமும் இருக்கும், வெயிலும் இன்னும் கடுமையாக இராது. கறிமிளகாய்க்கும் இதே கணக்குத்தான். குடைமிளகாய், நைமிரிஸ் போன்றவை மெதுவாக வருகிறவை, அவற்றை இரண்டு மூன்று கிழமை முந்திப் போடுங்கள்.

அவசரப்பட்டு புரட்டாசியிலேயே தொடங்கினால் கன்று முற்றிவிடும், வெளியே வைக்க மழை விடாது. லைற்றின் கீழேயே மொட்டு விடத் தொடங்கும். அது பார்க்க ஆசையாக இருக்கும், பயிருக்கு நல்லதில்லை.

லைற் வாங்குவது

இங்கேதான் ஆட்கள் அதிகம் காசை வீணாக்குகிறார்கள். நானும் ஆக்கினேன். முதல் வருடம் இணையத்தில் பார்த்து ஊதா நிறத்தில் எரியும் ஒரு 'செடி வளர்க்கும் பல்ப்' எடுப்பித்தேன். பெட்டியில் பெரிய வாட்ஸ் கணக்குப் போட்டிருந்தது. உண்மையில் இழுத்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஊதா வெளிச்சத்தில் இலை பச்சையா மஞ்சளா என்றே தெரியாது, நோய் வந்தாலும் கண்ணில் படாது, கொஞ்சநேரம் பார்த்தால் தலையிடி.

செடி நீலத்தையும் சிவப்பையும் கூடுதலாக உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் வெள்ளை வெளிச்சத்துக்குள் அந்த இரண்டும் இருக்கின்றன, பச்சையும் வீணாகப் போவதில்லை. வீட்டுக்குப் போடும் சாதாரண எல்.ஈ.டி. ரியூப் நாற்றுக்குப் போதும். பெட்டியில் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) என்று இருப்பதை எடுங்கள், கடையில் 'டே லைற்' என்று கேட்டால் தருவார்கள். அதில் நீலம் கொஞ்சம் கூட, அதனால் கன்று கட்டையாக, தண்டு தடித்து வரும். மஞ்சளாக எரியும் 3000 கெல்வின் ரியூப் வீட்டில் சும்மா கிடந்தால் அதை எறியத் தேவையில்லை, மூன்றில் ஒன்றாகக் கலந்து போடலாம்.

இழுக்கும் கரண்டைச் சொல்லும் வாட்ஸைப் பார்க்காமல், தரும் வெளிச்சத்தைச் சொல்லும் லூமனைப் பாருங்கள். நல்ல 20 வாட்ஸ் நாலடி ரியூப் 2000 லூமன் அளவில் தரும். பழைய 36 வாட்ஸ் ரியூப் லைற்றும் வேலை செய்யும், கரண்ட்தான் கூட இழுக்கும். பழைய சட்டத்துக்குள் எல்.ஈ.டி. ரியூபை மாட்டுவதென்றால் உள்ளே இருக்கும் சோக்கைக் கழற்றி வயரிங்கை மாற்ற வேண்டியிருக்கும், அதை வேலை தெரிந்த ஒருவரைக்கொண்டு செய்விப்பது நல்லது. சட்டத்தோடு சேர்ந்து வரும் எல்.ஈ.டி. வாங்கினால் அந்தத் தொல்லையே இல்லை.

எத்தனை வேண்டும்? நாற்றுக்குச் சதுர மீற்றருக்குச் செக்கனுக்கு 150 தொடக்கம் 250 மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் நல்லது. அதை அளக்கும் கருவி விலை கூடியது. ஆனால் வெள்ளை எல்.ஈ.டி.க்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது: லக்ஸ் அளவை (ஒரு இடத்தில் விழும் வெளிச்சம் எங்கள் கண்ணுக்கு எவ்வளவு என்ற கணக்கு) 70ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட அந்த எண் வரும். போனில் லக்ஸ் அளக்கும் செயலி இலவசமாகக் கிடைக்கும். துல்லியம் இல்லை, எங்கள் வேலைக்குக் காணும். கன்று நிற்கும் உயரத்தில் போனை வைத்து, அதன் முன்பக்கம் மேலே பார்த்திருக்க அளந்தால் 10,000க்கு மேல் காட்ட வேண்டும், 14,000 என்றால் மிகத் திறம். ஒப்பிட்டுப் பார்க்க, உச்சி வெயில் ஒரு இலட்சம் லக்ஸ் அளவில் இருக்கும். கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் உங்கள் வரவேற்பறை சில நூறுதான். எங்கள் கண் இருட்டுக்கு ஏற்றபடி தன்னைச் சரிசெய்துகொள்கிறது, செடியால் அது முடியாது.

இரண்டு தட்டுக்கு இரண்டு ரியூப் போட்டால் ஒப்பேற்றலாம். மூன்று போட்டால் நன்றாக வரும். நான் மூன்றுதான் போடுகிறேன்.

கரண்ட் கணக்கு

மூன்று ரியூப் 60 வாட்ஸ். பதினாறு மணித்தியாலத்துக்கு 0.96 யூனிற், ஒரு நாளைக்கு ஒரு யூனிற் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 29. இது பெரிய தொகையாகத் தெரியாது, ஆனால் எங்கள் மின்பட்டியல் கட்டம் கட்டமாக ஏறுவது. ஏற்கனவே ஒரு கட்டத்தின் விளிம்பில் நிற்கிற வீட்டுக்கு இந்த 29 யூனிற் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடும், அங்கே விலை வேறு. விதைக்க முதல் போன மாதப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். இடிக்கிறதென்றால் நேரத்தை 14 மணித்தியாலமாகக் குறைக்கலாம், கன்று நாலைந்து நாள் பிந்தி வரும், அவ்வளவுதான்.

பூட்டுவது, தூரம், நேரம்

முதல் வருடம் நான் விட்ட அடுத்த பிழை லைற்றை முகட்டில் தொங்கவிட்டது. ஒரு கிழமையில் கன்றுகள் விரலளவு உயரம் வந்துவிட்டன, எனக்கு ஒரே புளுகம். அடுத்த கிழமை எல்லாம் சரிந்து படுத்துவிட்டன. வெளிச்சம் காணாத இடத்தில் முளைத்த செடி, மேலே எங்கேயோ வெளிச்சம் இருக்கிறது என்று நினைத்து இருக்கிற சக்தியெல்லாம் போட்டுத் தண்டை நீட்டும். அது வளர்ச்சி இல்லை, தவிப்பு.

பல்ப் என்றால் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் காற்பங்காகும். ரியூப் நீளமானதால் அவ்வளவு மோசமாகக் குறையாது, கிட்டத்தில் ஏறக்குறையப் பாதியாகும். எப்படியோ, கிட்ட வைப்பதுதான் மந்திரம். ரியூபுக்கும் கன்றின் நுனிக்கும் இடையே 10 தொடக்கம் 15 சென்ரிமீற்றர். ஒரு சாண் என்பது அதற்குக் கொஞ்சம் கூட. எல்.ஈ.டி. ரியூப் அதிகம் சுடாது, இலையருகே புறங்கையை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள், சூடு தெரிந்தால் கொஞ்சம் உயர்த்துங்கள். பெரிய செடிவளர்ப்புப் பனல் வைத்திருப்பவர்கள் இந்தத் தூரத்தைப் பின்பற்ற வேண்டாம். அதற்கு 45 சென்ரிமீற்றராவது விடவேண்டும், இல்லாவிட்டால் நுனி வெளிறும்.

கன்று வளர லைற்றை உயர்த்த வேண்டி வரும், அதனால் இறுக்கிப் பூட்டாதீர்கள். இரண்டு பக்கமும் சங்கிலியும் கொளுக்கியும் போதும். நான் இன்னும் லேசாக, லைற்றை அசைக்காமல் தட்டுக்குக் கீழே பழைய புத்தகங்களும் பலகைத் துண்டுகளும் அடுக்கி, கன்று வளர வளர ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறேன். ராக்கையின் மூன்று பக்கமும் ரெஜிபோம் (தெர்மோகோல்) மட்டையோ வெள்ளைக் கடதாசியோ வைத்தால் பக்கத்தால் ஓடும் வெளிச்சம் திரும்பி வரும், ஓரத்துக் கன்றுகளுக்கு அது பெரிய உதவி. ரெஜிபோம் ரியூபையோ வயரையோ தொடக்கூடாது, தீப்பிடிக்கிற சாமான்.

நேரம் 16 மணித்தியாலம். விடிய ஐந்துக்குப் போட்டு இரவு ஒன்பதுக்கு நிற்பாட்டுவது எனக்கு வசதி. கன்று கெதியாக வளரட்டும் என்று 24 மணித்தியாலமும் எரிக்காதீர்கள். இடைவிடாத வெளிச்சத்தில் மிளகாயின் இலை வெளிறி, கோணலாக வரும். கையால் போட்டு நூர்ப்பது மூன்று நாளைக்குத்தான் ஞாபகம் இருக்கும், ஒரு ரைமர் வாங்குங்கள். ஊசிகளை அமத்தும் சக்கர ரைமர் மலிவு. அதில் ஒரு குறை, கரண்ட் போனால் சக்கரமும் நின்றுவிடும். இரண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லையென்றால் அன்றிலிருந்து எல்லாமே இரண்டு மணித்தியாலம் பிந்தி நடக்கும். மாரியில் கரண்ட் போகாத கிழமை குறைவு, ஆகவே இடைக்கிடை மணியைச் சரிபாருங்கள். ஒருநாள் அரைநாள் வெளிச்சம் இல்லாததால் கன்றுக்கு ஒன்றும் ஆகாது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்கூட மின்வெட்டு இருந்த காலம் மாதிரி திரும்ப வந்தால் மட்டும் தட்டை யன்னலோரம் கொண்டுபோங்கள்.

தண்ணீரும் கரண்டும் ஒரே ராக்கையில் இருக்கிறபடியால் ஒரு வார்த்தை. பிளக் தட்டுகளை விட உயரத்தில் இருக்கட்டும், வயர் பிளக்குக்கு வரும் முன் ஒருதரம் கீழே தொங்கி மேலே போகட்டும், வழிந்த தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். இரும்பு ராக்கை என்றால் வீட்டில் ட்ரிப் சுவிச் (கரண்ட் கசிந்தால் தானாக நிற்பாட்டுவது) வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அமத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தண்ணீர் விடும்போது லைற்றை நூர்த்துவிட்டு விடுங்கள்.

கலவையும் தண்ணீரும்

எங்கள் செம்மண்ணில் மிளகாய் எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது மிளகாயும் வெங்காயமும் போட்டே கல்வீடு கட்டினார்கள். ஆனால் அதே செம்மண் நாற்றுத்தட்டின் சின்னக் குழிக்குள் போனால் இறுகிக் கட்டியாகும், வேருக்குக் காற்றுப் போகாது. தட்டுக்குத் தும்புத்தூள் இரண்டு பங்கு, நன்றாக மக்கி அரித்த கொம்போஸ்ற் ஒரு பங்கு, உமிக்கரி அரைப் பங்கு. மண்புழு உரம் கிடைத்தால் கொம்போஸ்றுக்குப் பதிலாகப் போடலாம். மாட்டெரு போட வேண்டாம், இந்த வயதுக்கு அது கடுமை, கிருமியும் புல்விதையும் இலவசமாக வரும்.

தும்புத்தூளில் உப்பு இருக்கும். வாங்கியதை ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்ப ஊறவைத்து என்று மூன்று தரம் கழுவுங்கள். சோம்பல் பட்டால் இலை ஓரம் கருகுவதில் அது தெரியும். மிளகாய் உப்புக்கு லேசில் ஈடுகொடுக்காத பயிர்.

தண்ணீர் விஷயத்தில் நாங்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது, கேத்தல் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படைதான் சாட்சி. ஒரு விரல்க்கடை மண்ணுக்குள் இந்தத் தண்ணீரைக் கிழமைக்கணக்கில் விட்டால் கலவையின் காரத்தன்மை கூடி, இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாமல் போகும். புது இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம். கரையோரங்களிலும் தீவுப்பக்கத்திலும் உவர் வேறு. ஆனால் நாங்கள் இதைச் செய்வதோ மாரியில், வானத்திலிருந்து உப்பும் சுண்ணாம்பும் இல்லாத தண்ணீர் சும்மா கொட்டுகிற நேரத்தில். முதல் மழை கூரையைக் கழுவட்டும், அடுத்ததைப் பீப்பாய் ஒன்றில் பிடித்து மூடி வையுங்கள். இரண்டு தட்டுக்கு ஒரு கிழமைக்குப் பத்து லீற்றர்கூடச் செலவாகாது. மூடாமல் வைத்தால் நுளம்பு பெருகும், சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்பார்.

விதை

எம்.ஐ. கிறீன், கே.ஏ. 2, அருணலு போன்ற மகாஇலுப்பள்ளம விவசாய ஆராய்ச்சி நிலைய வழி இனங்கள் பெரும்பாலும் கிடைக்கும், ஹைபிரிட் வகைகளும் கடைகளில் உண்டு. ஹைபிரிட் பழத்தின் விதையை எடுத்து அடுத்த வருடம் போட்டால் தாய் மாதிரி வராது. வீட்டில் காய்ந்த செத்தல் மிளகாயைப் பிரித்தும் போடலாம்தான், ஆனால் மிளகாய்ப் பூ பக்கத்துச் செடியோடு லேசில் கலக்கும், என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட விதை என்றால் முதலில் இருபதை எடுத்து ஈரத்துணியில் முடிந்து பார்த்துவிடுங்கள். பத்துக்கு மேல் முளைத்தால் போடலாம், குழிக்கு இரண்டாக.

விதையை ஒரு இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள். கடையில் வாங்கியதில் சிவப்போ பச்சையோ நிறத்தில் மருந்து பூசியிருந்தால் ஊறவைக்க வேண்டாம், கையுறை போட்டு நேரே விதையுங்கள். ஆழம் அரைச் சென்ரிமீற்றர் தொடக்கம் ஒன்று வரைக்கும். மேலே மெல்லத் தூவி, கையால் லேசாக அமத்தி, தட்டை ஈரமாக்கி ஒரு கடதாசியாலோ பொலித்தீனாலோ மூடிவிடுங்கள். முளைக்கும் வரைக்கும் லைற் வேண்டாம், மிளகாய் விதைக்கு ஈரமும் 25 தொடக்கம் 30 பாகை சூடும் இருந்தால் சரி, எங்கள் வீட்டுக்குள் கார்த்திகையிலும் அது கிடைக்கும். ஐந்து தொடக்கம் பத்து நாளில் தலை காட்டும். நைமிரிஸ் மூன்று கிழமைகூட எடுக்கும், பொறுமை இழந்து கிண்டிப் பார்க்க வேண்டாம்.

எறும்பைச் சொல்ல மறந்துவிட்டேன். விதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். குசினி அலுமாரிக் காலுக்கு அம்மம்மா தண்ணீர்ச் சிரட்டை வைத்தது போல ராக்கைக் கால் நான்குக்கும் வையுங்கள்.

முளைத்த அன்றிலிருந்து

முதல் முளை கொக்கி மாதிரி வளைந்து மண்ணை முட்டும் அன்றைக்கே மூடியை எடுத்து லைற்றைப் போடுங்கள். மிச்சமும் முளைக்கட்டும் என்று இரண்டு நாள் இருட்டில் வைத்தால் முதலில் வந்தது நீண்டுவிடும், பிறகு அதைக் குட்டையாக்க வழியில்லை. சிலதுக்கு விதைத்தோல் தொப்பி மாதிரி வித்திலையை (முதலில் விரியும் இரட்டை இலை) பிடித்திருக்கும். ஒரு துளி தண்ணீர் வைத்து ஊறவிட்டு மெதுவாகத் தட்டிவிடுங்கள், இழுக்காதீர்கள்.

தண்ணீர் மேலிருந்து ஊற்ற வேண்டாம். அகலமான தட்டம் ஒன்றில் இரண்டு சென்ரிமீற்றர் தண்ணீர் விட்டு, நாற்றுத்தட்டை அதற்குள் ஒரு கால் மணித்தியாலம் இருத்தி எடுத்து வடியவிடுங்கள். திரும்ப எப்போது? மேல் மண் நிறம் வெளிறி, தட்டைத் தூக்கினால் பாரமில்லாமல் இருக்கும்போது. நாளுக்கு ஒருதரம் என்று நேரம் வைத்து ஊற்றுகிறவரின் கன்றுதான் முதலில் அழுகும்.

சின்ன யூ.எஸ்.பி. காற்றாடி ஒன்றை, இலை லேசாக ஆடுகிற அளவுக்கு, பகலில் ஓடவிடுங்கள். தண்டு தடிக்கும், மேல் மண் காய்ந்து பூஞ்சணம் வராது. காற்றாடி இல்லாதவர்கள் காலையும் பின்னேரமும் கன்றுகளின் மேலே உள்ளங்கையால் மெல்லத் தடவிவிட்டாலும் பலன் உண்டு. எனக்கு இது நல்லாப் பிடித்த வேலை.

வித்திலை இரண்டுக்கும் நடுவில் உண்மையான இலை இரண்டு விரிந்த பிறகே உரம். அல்பேட் கலவையை (தண்ணீரில் கரைக்கும் கலப்பு உரம்) ஒரு லீற்றருக்கு அரைக் கிராம் கரைத்து, கிழமைக்கு ஒருதரம் அடித்தட்டத்தில் விடுங்கள். நாலு இலை வந்தபின் ஒரு கிராம். பெட்டியில் சொல்லும் முழு அளவு வளர்ந்த செடிக்கு. யூரியா வேண்டவே வேண்டாம், இலை கரும்பச்சையாகக் கொழுத்துப் பூச்சியைக் கூப்பிடும்.

நாலு இலைப் பருவத்தில், மூன்றாம் கிழமை அளவில், அடியில் துளையிட்ட யோகட் கப்புக்கு மாற்றினால் கன்று இன்னும் திறமாக வரும். தண்டைப் பிடித்துத் தூக்காமல் இலையைப் பிடித்துத் தூக்குங்கள், இலை போனால் வேறு இலை வரும். தக்காளியைப் போலத் தண்டை ஆழப் புதைப்பதால் மிளகாய்க்குப் பெரிய நன்மை இல்லை, முன்பு நின்ற ஆழமே போதும். கப்புக்கு மாறினால் இடம் காணாது, 200 கன்றில் நல்லது எழுபதைத் தெரிந்து மிச்சத்தைக் கொடுத்துவிடுங்கள்.

வரக்கூடிய வருத்தங்கள்

மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு நூலாகச் சுருங்கி, நேற்று நின்ற கன்று இன்று படுத்திருந்தால் அது நாற்றழுகல். பூஞ்சண வகை வேலை. விழுந்ததைக் காப்பாற்ற முடியாது, அந்தக் குழியை மண்ணோடு எடுத்து வெளியே எறிந்துவிட்டு, இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தி, காற்றாடியைக் கூட்டுங்கள். வயலில் நாற்றுமேடைமேல் வைக்கோலும் உமியும் போட்டு எரிப்பது இதற்காகத்தான். வீட்டுக்குள் அது முடியாது, ஆகவே தொடக்கத்திலேயே கலவைமேல் நன்றாகக் கொதித்த தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு எடுத்தால் பெரும்பாலும் தப்பலாம்.

இலைக்கு அடியில் மணல் மாதிரிச் சின்னச் சின்னப் பருக்கள் வந்தால் பயப்பட வேண்டாம், பூச்சி முட்டை என்று மருந்தும் அடிக்க வேண்டாம். ஈரம் மிகுந்த காற்றில், சூரிய ஒளி படாத அறையில் மிளகாய்க்கு இப்படி வருவதுண்டு. தண்ணீரைக் குறைத்துக் காற்றோட்டம் கொடுங்கள், வெளியே போனதும் புது இலை சுத்தமாக வரும்.

மண்ணுக்கு மேலே சிறு கறுப்பு ஈக்கள் பறந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். மஞ்சள் அட்டையில் தேங்காய் எண்ணெய் பூசி நட்டு வையுங்கள். நுனி இலை சுருண்டால் உடனே அந்தக் கன்றைத் தனியாக்கி, இலையின் அடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளியிலிருந்து வாங்கிய ஒரு கன்றை ஆசைப்பட்டு இந்த ராக்கையில் வைத்ததால் ஒரு வருடம் தட்டு முழுவதும் சிற்றுண்ணி பிடித்தது. அதற்குப் பிறகு அறைக்குள் வேறு செடி எதுவும் வர நான் விடுவதில்லை.

வெயிலுக்குப் பழக்குவது

ஐந்து கிழமை ஒழுங்காக வளர்த்து, ஆறாம் கிழமை ஒரே நாளில் கொன்ற அனுபவம் எனக்கு உண்டு. ரியூப் வெளிச்சத்தில் புறஊதா இல்லை, அளவும் வெயிலில் ஏறக்குறையப் பத்தில் ஒன்றுதான். அதில் வளர்ந்த இலையின் தோல் மெல்லியது. மழை விட்ட ஒரு நாள், வெயிலைக் கண்ட சந்தோசத்தில் தட்டைக் காலை பத்து மணிக்கு முற்றத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்தபோது இலையெல்லாம் வெள்ளைக் கடதாசி மாதிரி. மாமி ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம்.

சரியான முறை இது. முதல் இரண்டு நாள் மாமர நிழலில், காலை ஒரு மணித்தியாலம், அவ்வளவும்தான். மூன்றாம் நான்காம் நாள் நிழலிலேயே அரை நாள். ஐந்தாம் நாளிலிருந்து காலை வெயில் ஒரு மணித்தியாலம் நேரே, பிறகு நிழல். ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் கூட்டுங்கள். மரம் இல்லாத வளவில் கிடுகோ பனையோலையோ போட்டுப் புள்ளி வெயில் விழுகிற பந்தல் ஒன்று கட்டினால் காணும், பாதி வெளிச்சம் விடும் நிழல் வலையும் சரி. இந்த நாட்களில் உரம் இல்லை, தண்ணீர் கொஞ்சம் குறைவு. எட்டு பத்து நாளில் இலை தடித்து, பச்சை கொஞ்சம் கறுத்து, தண்டின் அடி மரமாகத் தொடங்கும். அடைமழை வந்தால் உள்ளே எடுங்கள், தூறலுக்கு விடலாம். வெண்ஈ இந்த நேரம் பார்த்துத்தான் வரும், பழைய நுளம்பு வலை ஒன்றால் மூடி வைப்பது நல்லது.

நிலத்தில் வைப்பது

ஆறு தொடக்கம் எட்டு இலை, ஒரு சாணுக்குக் கிட்டிய உயரம், பென்சில் தடிப்புக்கு வராவிட்டாலும் வளைத்தால் நிமிர்கிற தண்டு. இதற்குமேல் காத்திருக்க வேண்டாம். மொட்டு வந்திருந்தால் கிள்ளிவிடுங்கள், முதலில் வேர் ஓடட்டும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நட்டு, தண்ணீர் விட்டு, மூன்று நாளைக்கு ஒரு ஓலைத்துண்டை மேற்குப் பக்கமாகச் சாய்த்து வையுங்கள். நட்ட மறுநாள் மத்தியானம் வாடித்தான் நிற்கும். பின்னேரம் நிமிர்ந்துவிட்டால் தண்ணீர் காணும், நிமிராவிட்டால் மட்டும் ஊற்றுங்கள்.

தட்டுகளையும் கப்புகளையும் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து கழுவி, நல்ல வெயிலில் காயவைத்துக் கவிழ்த்து அடுக்குங்கள். ரைமரைக் கழற்றி வையுங்கள். எங்கள் ராக்கையில் இப்போது மாமியின் கத்தரி நாற்று ஒரு தட்டு நிற்கிறது.